பன்னிரண்டு-ஏ

ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை படிவதைப் பற்றிப் போன வாரம் நான் எழுதியதற்குச் சகோதரிகள் பலர் கைவைத்தியம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவசியம் அதற்கு வருகிறேன். இந்த வாரம் மட்டும் என்னை மன்னிக்க வேண்டும். ஒரு விஷயம் மாதக் கணக்காக நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை உங்களிடம் சொல்லி இறக்கி வைத்தால்தான் எனக்கு ஊறுகாய் ஞாபகமே வரும்.

காலை எட்டு மணிக்கு எங்கள் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வந்து பார்த்ததுண்டா? பொள்ளாச்சி பஸ்ஸும் பாலக்காட்டு பஸ்ஸும் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும். மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு வாடை, பெரியகுளத்திலிருந்து ஒரு காற்று, இரண்டும் கலந்து வரும். எல்லோரும் வேலைக்கு ஓடுகிற அந்தப் பரபரப்பில், ஓடாமல் தூணில் சாய்ந்து நிற்கிற சில பெண்களைக் காணலாம். கண் சிவந்திருக்கும். தோளில் காலிச் சாப்பாட்டுப் பை. ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றி நிற்பார்கள். ராத்திரி டியூட்டி முடித்துக் கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் வீடு திரும்புகிற நர்ஸுகள்தாம் அவர்கள். இருபது வருஷமாக இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறேன். நானும் அவர்களைத் தினம் பார்த்தவள்தான். ஆனால் அந்தக் கால் மாற்றலுக்கு அர்த்தம் இந்த வருஷம்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரரின் அக்காளுக்கு, அதாவது என் நங்கையாளுக்குப் பித்தப்பையில் கல். நகரத்தில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் நடந்தது. பெயர் வேண்டாம். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், ஆபரேஷனில் ஒரு குறையுமில்லை. ராத்திரித் துணைக்கு நான் தங்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு நிர்வாக மானேஜர் வந்திருந்தார். முன்பு பெரிய ஓட்டல் ஒன்றை நடத்தியவராம். அது வாசலிலேயே தெரிந்தது. சந்தனப் பொட்டு, பன்னீர்ச் செம்பு, கண்ணாடிக் கூண்டில் பொம்மைக் கொலு மாதிரி வரவேற்புப் பெண்கள். மாடிக்குப் போனால் நர்ஸுகள் இருக்கிற மேஜையைச் சுற்றி ஒரு நாற்காலி கிடையாது! கணக்கெழுதுவதும் நின்றுகொண்டே, போன் எடுப்பதும் நின்றுகொண்டே. “உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு வேலை நடக்காத மாதிரி தோன்றுமாம். அதனால் எடுத்துவிட்டார்கள்” என்று பக்கத்து அறைக்காரி சொன்னாள். ஓட்டலில் பரிமாறுகிறவர் உட்கார்ந்தால் அழகில்லை என்பது வாஸ்தவம். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பெண்ணின் கை, ஊசி மருந்தை அளக்கும்போது நடுங்கினால் அது மட்டும் அழகா?

இன்னொரு விசேஷம். 13 ராசியில்லாத எண் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. மாடிக்கு மாடி 12-க்கு அடுத்த அறை 12-ஏ, அதற்கப்புறம் 14. நங்கையா இருந்தது 12. பக்கத்து 12-ஏயில் ஒரு பெரியவர், சர்க்கரை வியாதிக்காரர்.

இரண்டாம் நாள் ராத்திரி பத்தேகால் இருக்கும். நங்கையா வலி மாத்திரையின் அசதியில் கண் செருகிக் கிடந்தார். சின்னப் பெண்ணாக ஒரு நர்ஸ் டிரேயோடு வந்தாள். “அம்மா, ஊசிங்க” என்று சொல்லிக் கையைத் தூக்கிவிட்டுப் பஞ்சால் துடைத்துவிட்டாள். எனக்குச் சும்மா இருக்கிற வாயில்லையே! “என்ன ஊசி கண்ணு?” என்றேன்.

“சர்க்கரைக்குங்க்கா.”

“இவங்களுக்குச் சர்க்கரையே இல்லையே அம்மிணி!”

அந்தப் பெண் டிரேயில் இருந்த சீட்டைப் பார்த்தாள். கதவு எண்ணைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சித் தண்ணியைத் தவிர வேறொன்றும் வயிற்றில் இல்லாத மனுஷிக்கு இன்சுலின் ஏறியிருந்தால் என்னவாகும் என்று, சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கோபத்தோடுதான் எழுந்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, சாமி சத்தியமா தெரியாம வந்துட்டனுங்க்கா. மேலே யாருகிட்டயும் சொல்லிப் போடாதீங்க. மூணு நாள் சம்பளம் பிடிச்சுப் போடுவாங்க. இந்த மாசம் ஏற்கெனவே ஒருக்கா பிடிச்சுட்டாங்க.”

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. புது மானேஜர் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார். தவறு நேர்ந்தால் நர்ஸ் தன் கைப்பட எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் சம்பளத்தில் பிடித்தம். தவறே நடக்காத ஆஸ்பத்திரியாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லதுதான். சுற்றறிக்கை வந்த பிறகு யாரும் எழுதித் தருவதேயில்லை! மாதக் கடைசியில் ‘தவறுகள்: பூஜ்யம்’ என்று பலகையில் எழுதிப் போட்டு, அதற்கு ஒரு மாலையும் போட்டிருந்தார்கள். அந்த மாலையை நானே என் கண்ணால் பார்த்தேன்.

அன்று ராத்திரி அந்த மாடியில் இருபத்து நாலு பேர் படுத்திருந்தார்கள். நர்ஸுகள் இரண்டு பேர். பழகுகிற பெண் ஒருத்தி. அவள் சாப்பாட்டுப் பை அப்படியே கட்டுப் பிரிக்காமல் ஜன்னலோரம் இருந்தது. எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “சரி, போ கண்ணு, சொல்லலே” என்றேன்.

சொல்லவுமில்லை. நான் செய்த தப்பு அதுதான், சகோதரிகளே. அந்தப் பெண்ணைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 12-க்கும் 12-ஏக்கும் ராத்திரி வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? இரக்கப்படுகிறேன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று காலை, கீழ் மாடியில் 12-ஏயில் இருந்த ஒரு அம்மாளை அவசரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்ன ஏது என்று யாரும் சொல்லவில்லை. ஊசிக்கும் அதற்கும் கடுகளவு சம்பந்தமில்லாமல் இருக்கலாம். அநேகமாக இல்லை என்றுதான் என் வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். ஆனால் அந்த ஸ்டிரெச்சர் சக்கரத்தின் சத்தம் பல ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேனல்லவா? முப்பது வருஷம் மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்தவர். எதைச் சொன்னாலும் மில்லுக்குக் கொண்டுபோய்த்தான் முடிப்பார். பல சமயம் எனக்குச் சலிப்பாக இருக்கும். இந்தத் தடவை சலிக்கவில்லை.

“ஒரு சைடருக்கு எத்தனை சைடு கொடுக்கலாம்னு நாங்க எப்படித் தீர்மானம் பண்ணுவோம் தெரியுமா? நூல் அறுகிறதை எண்ணித்தான். நூறு கதிருக்கு மணிக்கு எத்தனை தடவை அறுகுது, ஒரு முடிச்சுப் போட எத்தனை வினாடி, சைடைச் சுத்தி வர எத்தனை நடை, எல்லாம் கணக்கு. பஞ்சு மோசமா வந்தால் அறுப்பு எச்சாகும்; அன்னிக்குச் சைடைக் குறைக்கணும். குறைக்காம அந்தப் பிள்ளையைத் திட்டினா நூல் நிக்குமா?” என்றார்.

கோவைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1956-ல் இங்கே தொடங்கிய சிட்ரா என்ற நெசவு ஆராய்ச்சிச் சாலை, மில்லில் இந்த மாதிரிக் கணக்கையெல்லாம் அக்கறையாக ஆராய்ந்திருக்கிறது. பருத்தி நூலுக்குக் கிடைத்த அந்த மரியாதை படுக்கையில் கிடக்கிற மனுஷருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

கிடைக்கத்தான் வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த கணக்கின்படி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், பொது ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். எழுத்தில் இருப்பதை வார்டில் தேடிப் பாருங்கள்! அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் 1999-ல் இதைச் சட்டமாகவே போட்டது. 2004-ல் அமலுக்கு வந்தது. அங்கே சாதாரண வார்டில் ஒரு நர்ஸிடம் 5 பேருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது.

இது நர்ஸுகளின் சௌகரியத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2002-ல் லிண்டா எய்க்கன் என்ற அம்மாளும் அவருடைய சகாக்களும் பென்ஸில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார்கள். ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு அது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுகிறது என்று கண்டார்கள். எங்கள் மாடியில் இரண்டு பேருக்கு இருபத்து நாலு. நான் கணக்கில் சுமார்தான். இருந்தாலும் அதை மேலே போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, பிடித்தத்துக்கு வருவோம். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் வீட்டிலேயே பாருங்களேன். பால் டம்ளரை உடைத்த குழந்தையை முதுகில் இரண்டு வைத்தால், அடுத்த தடவை அது உடைக்காமலா இருக்கும்? உடைந்த கண்ணாடியை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து கை கட்டி நிற்கும். அந்தக் கண்ணாடி நம் காலில்தான் குத்தும்.

ஆகாய விமானக்காரர்கள் இதை வெகு நாள் முன்பே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் 1976 முதல் ஓர் ஏற்பாடு நடக்கிறது. விமானம் ஓட்டுகிறவர் தெரியாமல் செய்த தவறைத் தாமாகவே பத்து நாளுக்குள் எழுதி அனுப்பிவிட்டால், அபராதம் இல்லை. கடிதம் விமான இலாகாவுக்குப் போவதில்லை. நாசா வாங்கி, பெயரை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறது. ஒருத்தர் தடுக்கி விழ இருந்த இடத்தில் மற்றவர்கள் பார்த்து நடக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிகள் அந்தப் பாடத்தை அரை மனசாகத்தான் படித்தன. 1999-ல் அமெரிக்காவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் தவறுகளால் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது சொன்னது. பெரும்பாலும் கெட்ட மனுஷர்களால் அல்ல, கெட்ட ஏற்பாடுகளால் என்பதுதான் அதன் சாரம். உலகமே படித்தது. படித்து என்ன?

நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 2017 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். 75 வயது அம்மாள் ஒருவர். ஸ்கேன் எடுக்கக் கூண்டுக்குள் போகப் பயம். மனசை அமைதிப்படுத்த வர்செட் என்ற மருந்தை எழுதியிருந்தார்கள். ரடோண்டா வாட் என்ற நர்ஸ், மருந்து அலமாரியின் கம்ப்யூட்டரில் அதன் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். அலமாரியோ அந்த மருந்தை இன்னொரு பெயரில் வைத்திருந்தது. மருந்து வராமற்போகவே பூட்டைத் தாண்டுகிற பொத்தானை அழுத்தினார். அந்தச் சமயம் அங்கே அது எல்லோரும் செய்கிற காரியம்தான். அதே இரண்டு எழுத்தில் தொடங்குகிற வெக்குரோனியம் வந்தது. மூச்சுத் தசை உட்பட உடம்பின் தசைகளையெல்லாம் கட்டிப் போடுகிற மருந்து. குப்பி மூடியில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

நர்ஸ் ஒளிக்கவில்லை. தாம் செய்ததை அப்போதே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிதான் மாநில அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தது. நர்ஸுக்கு வேலை போயிற்று. அடுத்த வருஷம் பெயரில்லாத ஒரு தகவல் போய்த்தான் விசாரணைக்காரர்கள் வந்தார்கள். 2022 மார்ச்சில் கோர்ட்டு நர்ஸைக் குற்றவாளி என்றது; மே மாதம் மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தீர்ப்பாயிற்று. ஆஸ்பத்திரி மேல் கிரிமினல் வழக்கு எதுவும் இல்லை.

அவர் செய்த கவனக்குறைவு சின்னதென்று நான் சொல்ல மாட்டேன். அந்த அம்மாளின் பிள்ளைகள் இடத்தில் நான் இருந்தால் என் வயிறும் எரியத்தான் செய்யும். ஆனால் அன்றைக்குத் தீர்ப்பைக் கேட்ட மற்ற நர்ஸுகள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? ‘இனிமேல் ஜாக்கிரதையாக இருப்போம்’ என்பதையா, ‘இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது’ என்பதையா? பதவியில் இருப்பவர்கள் முதலாவதை எதிர்பார்க்கிறார்கள். நானாயிருந்தால் இரண்டாவதைத்தான் கற்றுக்கொள்வேன். நீங்கள்?

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியின் கதை இதைவிடக் கொடுமை. சர்க்காரிடம் உயர்ந்த அந்தஸ்து வாங்க வேண்டும், அதற்கு வரவு செலவு சரிக்கட்ட வேண்டும் என்று நிர்வாகம் ஆட்களைக் குறைத்தது. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நாலு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்பிவிட வேண்டும் என்பது சர்க்கார் விதி. கடிகாரத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் நோயாளிகளைக் காப்பாற்ற மறந்துபோனார்கள். யாருக்கு அவசரம் என்று, மருத்துவம் படிக்காத வரவேற்பு மேஜைக்காரர்கள் தீர்மானித்த நேரமும் உண்டு. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் பூச்சாடித் தண்ணீரை எடுத்துக் குடித்தார்கள் என்று சாட்சியம் வந்தது. தாயாரை அங்கே பறிகொடுத்த ஜூலி பெய்லி என்ற பெண்மணி விடாமல் கூக்குரலிட்ட பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. 2013 பிப்ரவரியில் வழக்கறிஞர் ராபர்ட் ஃப்ரான்ஸிஸ் கொடுத்த விசாரணை அறிக்கையில் 290 சிபாரிசுகள். அங்கேயும் காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்நிய தேசத்துக் கதை போதும். நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2015-ல் பரீட்சை வைத்து, ஆயிரக்கணக்கான நர்ஸுகளை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷம் போனால் நிரந்தரம் என்று பேச்சு. இரண்டு வருஷம் போயிற்று. நிரந்தரம் பெரும்பாலோருக்கு வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. 2018-ல் சம்பளம் 14,000 ஆயிற்று. பிறகு கொள்ளை நோய் வந்தது. 2020-ல் தாற்காலிகமாக இன்னும் பல நர்ஸுகளை எடுத்தார்கள். நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உள்ளே போனவர்கள் அவர்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை முடிந்தது என்று உத்தரவு போட்டார்கள். புது வருஷம் அவர்களுக்குத் தெருவில் பிறந்தது.

தனியாரிடம் வேறு தினுசு. 2011, 12-ல் கேரளத்திலும் டில்லி, பம்பாய், கல்கத்தாவிலும் நர்ஸுகள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்கள் சொன்ன குறைகளில் சம்பளம் ஒன்று. படித்த சர்டிபிகேட்டை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டு தர மறுப்பது இன்னொன்று. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது; 200 படுக்கைக்கு மேலிருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. கேரளம் 2018-ல் 20,000-த்தைக் குறைந்தபட்சக் கூலியாக அறிவித்தது. சிபாரிசு சட்டமாகாத இடங்களில் என்ன ஆகும் என்பதை, என் கையைப் பிடித்துக்கொண்ட பெண்ணிடம் கேட்டேன். அவள் சொன்ன தொகையை இங்கே எழுத மாட்டேன். நம் வீட்டில் பண்டம் பாத்திரம் துலக்க வருகிறவள் மூன்று வீடு பார்த்தால் அதைச் சம்பாதித்துவிடுவாள்.

நாற்காலி விஷயம் ஒன்று பாக்கி. ஒப்பணக்கார வீதியில் ஜவுளி எடுக்கப் போகிறீர்களே, அங்கே புடவையை எடுத்துப் போடுகிற பெண்கள் நாள் முழுதும் நின்ற காலம் உண்டு. 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும், கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்தன. உட்காருவதற்கு ஒரு சட்டமா என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது சிரிப்பு வரவில்லை. 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி எங்கள் உக்கடம் மேம்பாலத்தைத் திறந்தார்கள். ஊரெல்லாம் ஒரே கொண்டாட்டம். அதே நாள் காலையில்தான் கல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் ஓர் இளம் பெண் டாக்டர் கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தாண்டி வேலை பார்த்தவள், தலை சாய்க்க வேறு இடமில்லாமல் கூட்டம் நடத்துகிற ஹாலில் போய்ப் படுத்தாள். பயிற்சி டாக்டர்களை ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் 1992-லேயே சொல்லியிருக்கிறது. கொன்றவனுக்கு 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது. படுக்க ஓர் அறை, உட்கார ஒரு நாற்காலி என்பதெல்லாம் சில்லறை விஷயம் என்று இனி யார் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்.

இதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நாம்தானே? ஊசியோ மாத்திரையோ வரும்போது, நோயாளியின் பெயரையும் ஆஸ்பத்திரி கொடுத்த எண்ணையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அறை எண்ணையோ கட்டில் எண்ணையோ வைத்து அடையாளம் பார்க்கக் கூடாது. இப்படி இரண்டு அடையாளம் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட விதி. ‘பழனியம்மாதானே?’ என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் யாரும் ‘ம்’ என்றுதான் சொல்வார்கள். ‘உங்கள் பேர் என்ன?’ என்று கேட்பதுதான் முறை. ‘என்ன மருந்து, எதற்கு?’ என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நான் இன்னொன்றும் செய்தேன். நங்கையாளைத் தையல் பிரிக்க அழைத்துப் போன அன்று, வாசலில் ஒரு காகிதம் நீட்டினார்கள். எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள், நர்ஸ் சிரித்த முகத்தோடு இருந்தாரா என்றெல்லாம் கேட்டிருந்தது. நட்சத்திரத்தை விட்டுவிட்டு, காகிதத்தின் பின்பக்கம் முழுதும் எழுதினேன். 12-ஏ என்ற எண் ஆளை ஏமாற்றுகிறது. ராத்திரியில் அந்தக் கதவின் மேல் விளக்கு இல்லை. இருபத்து நாலு பேருக்கு இரண்டு பேர் போதாது. தவறைச் சொன்னால் சம்பளத்தைப் பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன், அப்படியானால் உங்களிடம் தவறைச் சொல்ல யாரும் மிஞ்ச மாட்டார்கள். யார் பெயரையும், எந்த நாளையும் எழுதவில்லை. என் கையெழுத்தை மட்டும் கொட்டையாகப் போட்டேன். “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை என்றேன்.

பதில் ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. போன செவ்வாய்க்கிழமை பேரூர் போகிறதற்காகப் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். தூணோரம் அந்தப் பெண்! அவளாகவே வந்து பேசினாள்.

“அக்கா, 12-ஏ பலகையைக் கழட்டிப் போட்டாங்க. இப்ப 14-ங்க. அக்கட்ட 15, 16-னு எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டாங்க. கதவுக்கு மேல லைட்டும் போட்டாச்சுங்க.”

“பிடித்தம்?”

“சுத்தறிக்கை அப்படியேதானுங்க இருக்குது. ஆனா நம்ம பெரிய சிஸ்டர் தனியா ஒரு நோட்டு வெச்சிருக்கறாங்க. பேர் எழுத வேண்டாம், என்ன ஆச்சுன்னு மட்டும் எழுதுங்கனு சொல்லியிருக்கறாங்க. மானேஜருக்குத் தெரியாதுங்க.”

“நோட்டில் எழுதுகிறீர்களா?”

“பாதி நோட்டு ஆயிருச்சுங்க்கா” என்றாள்.

நாற்காலி வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பொள்ளாச்சி பஸ் வந்துவிட்டது. முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். எனக்குக் கையாட்டுவாள் என்று நினைத்து நானும் கையைத் தூக்கினேன். கண்டக்டர் விசில் ஊதுமுன்பே, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போயிருந்தாள்.